பால்மரம் வெட்டாத தோட்டப் படங்கள்

தோட்டத்தைப் பற்றிய படம் என்று சொல்லி எதைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: படத்தில் யாராவது வேலை செய்கிறார்களா? ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் என மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது இயல்பாக எழும் கேள்வி. அங்கே வாழ்க்கை என்பதே வேலையின் நேரக்கணக்குதான். ஆனால் விருதும் பாராட்டும் வாங்கிய படங்களை வரிசையாகப் பார்த்தால், தோட்டத்துக்கு வந்து சேர்ந்த கதை கிடைக்கிறது, தோட்டத்தை இழந்து வெளியேறிய கதை கிடைக்கிறது. இடையில் தலைமுறை தலைமுறையாக நடந்த உழைப்பைத்தான் காணோம். இந்தக் குறையை அளவுகோலாக வைத்துச் சில படங்களைப் பார்க்கலாம்.

தோட்ட மக்களுக்கும் சினிமாவுக்குமான உறவு பழையது. தகவல் இலாகாவின் வேன் வந்து திடலில் திரை கட்டும். கோயில் திருவிழாவுக்கும் படம் உண்டு. 1946இல் தொடங்கிய மலாயா பிலிம் யூனிட் அரசின் செய்திகளைக் குறும்படங்களாக்கித் தமிழிலும் பேச வைத்தது. திருவிழாவில் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வந்தார்கள். 'பராசக்தி' ரங்கூனில் தொடங்கியதால் கடல் கடந்தவர்களுக்கு அது சொந்தக் கதைபோல இருந்தது. ஆயினும் திரையின் முன் பாய் விரித்து உட்கார்ந்தவர்களில் எவரும் தங்கள் கையிலிருக்கும் ரப்பர் பால் வெட்டும் உளியைத் திரையில் கண்டதில்லை.

வந்த கதை

பாலாவின் 'பரதேசி' (2013) தேயிலைத் தோட்டத்தைப் பற்றியது. பால் ஹாரிஸ் டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கிய நாவலே அதற்கு அடிப்படை. கங்காணியின் ஆசை வார்த்தை, முன்பணம், நாள்கணக்கில் நீளும் நடை, வந்து சேர்ந்தபின் முடியாத கடன் எல்லாமே மலாயாவுக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை. அதனால்தான் சிரம்பானில் படம் பார்த்தாலும் வால்பாறை அந்நியமாகத் தோன்றவில்லை. அதர்வாவின் கடைசிக் கதறல் இன்றும் உலுக்குகிறது.

எனக்கு இரண்டு மனத்தாங்கல்கள். நாவலை எழுதியவர் தோட்டத்தில் மருத்துவராக இருந்தவர். அவருடைய கதையில் மனிதாபிமானத்தோடு வரும் மருத்துவர் படத்தில் மதம் மாற்றும் கேலிச் சித்திரமாகிவிட்டார். அடுத்தது, துன்பத்தின் மேல் பாலாவுக்கு இருக்கும் மோகம். அடியும் நோயும் சாவும் அடுக்கடுக்காக வருகின்றன. கொழுந்து கிள்ளும் கைக்கு ஒரு திறமை உண்டு என்பது மட்டும் எங்கும் வரவில்லை. அடிபடுகிறவன் தொழில் தெரிந்தவனும்தான் என்று காட்டியிருந்தால் அந்த அடி இன்னும் வலித்திருக்கும்.

இருந்த கதை

தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. மலேசியத் தமிழ்ப் படங்களில் அனைத்துலக விழாக்களுக்குப் போனவற்றில் முன்னோடி. 1960களின் ரப்பர் தோட்டத்தில் சாந்தா என்ற பெண் பல்கலைக்கழகம் போக ஆசைப்படுகிறாள். வீட்டில் பணம் இல்லை. கதை அவ்வளவுதான். வில்லன் இல்லை, வெட்டுக்குத்து இல்லை. ஒரு குடும்பம் எதற்குச் செலவழிப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று திண்டாடுவதையே படம் பொறுமையாகப் பார்க்கிறது. நடிப்பில் சில இடங்களில் பயிற்சியின்மை தெரிகிறது, ஒலியும் சீராக இல்லை. ஆனாலும் லயத்து வரிசை வீட்டுத் திண்ணையில் நேரம் எப்படி நகரும் என்று தெரிந்த ஒருவர் எடுத்த படம் இது. பெரும்பாலோர் இதைப் பார்க்காமலே போனது நமக்குத்தான் நஷ்டம்.

விட்டுப் போன கதை

பா. ரஞ்சித்தின் 'கபாலி' (2016) வந்தபோது தோட்டப்புறமே கொண்டாடியது, நியாயம்தான். ரஜினிகாந்த் போன்ற நட்சத்திரம் நம் தொழிலாளர்களின் கூலிப் போராட்டத்தை வாய்திறந்து பேசியது அதுவே முதல் தடவை. ஆனால் அந்தப் போராட்டம் கடந்தகாலக் காட்சிகளாகச் சில நிமிடங்களில் ஓடிவிடுகிறது. மிச்சமெல்லாம் கோட்டும் துப்பாக்கியும். நாசர் நடித்த தலைவர் தமிழ்நேசனை வைத்தே ஒரு முழுப் படம் எடுத்திருக்கலாம். கபாலி போலீசில் சரணடைந்ததாக மலேசியப் பிரதியின் முடிவில் ஒரு வரி சேர்த்தார்கள். குண்டர் கும்பலைப் பற்றி அதிகாரிகளுக்கு இருந்த கவலையில் கால்வாசியாவது அந்தக் கும்பல் உருவான காரணத்தைப் பற்றி இருந்திருக்கலாம்.

அந்தக் காரணத்தைச் சொன்னது சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015). 1990களின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் புறம்போக்குக் குடிசையில் வாழ்கிறது. அப்போய் கற்பனை வளமுள்ள, குறும்புக்காரச் சிறுவன். அப்பா மணியம் அவனை எப்படியாவது படிக்கவைத்துவிட வேண்டுமென்று அடிக்கிறார். ஒரு சித்தப்பா போதையிலிருந்து மீண்டவர், இன்னொருவர் அடியாள். பையன் எந்தப் பக்கம் சாய்வான் என்பது நமக்கு முன்பே தெரியும், ஆனாலும் அவன் சாயும்போது மனம் பதறுகிறது. மணியத்தைக் கொடியவனாக்காததே இயக்குநரின் பெரிய வெற்றி. தோட்டத்தில் அவர் கற்றதெல்லாம் நகரத்தில் செல்லாக்காசு. மிஞ்சியது பிரம்பு மட்டும்.

2016இன் மலேசியத் திரைப்பட விழாவில் மொழிவாரியாகப் படங்களைப் பிரித்ததை எதிர்த்துச் சர்ச்சை எழுந்தது. விதி தளர்த்தப்பட்டபின் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதை 'ஜகாட்' வென்றது. அந்த வெற்றிக்குப் பின் இங்கே குண்டர் கதைகள் பெருகிவிட்டன என்பது என் வருத்தம். 'ஜகாட்'டிலிருந்து காயத்தை எடுக்காமல் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தமிழ்க் குடும்பத்தின் துயரத்தைக் கும்பல் இல்லாமலும் சொல்லலாம் என்பதற்கு யாஸ்மின் அகமதின் 'டேலண்ட்டைம்' (2009) சாட்சி. அதில் தம்பியைப் பறிகொடுத்த தாயின் கோபமும், காது கேளாத மகன் மகேஷின் காதலும் எதிரெதிரே நிற்கின்றன.

வேலையைக் காட்டுதல்

வேலையைக் காட்டினால் படம் ஆவணப்படமாகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். டி சிகாவின் 'சைக்கிள் திருடர்கள்' (1948) படத்தில், சுவரொட்டியைச் சுருக்கமில்லாமல் ஒட்டுவது எப்படி என்று முதல் நாள் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த வேலையைப் பார்த்துவிட்டதால்தான் சைக்கிள் போகும்போது நம் வயிறு கலங்குகிறது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) தமிழில் இதைச் சாதித்தது. மூட்டை சுமந்து மலையேறும் ரங்கசாமியின் கால்களை நெடுநேரம் பார்க்கிறோம். ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு சிதறும்போது யாரும் அழவேண்டிய அவசியமே இல்லை. கடைசியில், தன்னுடையதாக இருந்த நிலத்தில் காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறார். நிலாய், லாபு பக்கம் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியதைக் கண்டவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாத காட்சி அது.

நம் தோட்டங்களிலும் இதற்குப் பஞ்சமில்லை. இருட்டில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு. தலையில் விளக்கு. நிரையில் மரத்துக்கு மரம் ஓட்டம். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. பிறகு மங்கு என்னும் கிண்ணம் கிண்ணமாகப் பாலெடுத்து, காண்டா என்னும் தோள்தடியில் இரண்டு வாளி தொங்க ஸ்டோருக்கு நடை. அங்கே கணக்கெழுதும் கிராணி, பாலை அளக்கும் மெட்ரோலாக் கருவியை விட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். இவ்வளவுக்கும் நடுவே மழை வந்துவிட்டால் மங்கிலிருக்கும் பால் வீண், அன்றைய கூலிக்கும் ஆபத்து. வானத்தை அண்ணாந்து பார்க்கும் பெண்ணின் முகத்தைவிடப் பெரிய திகில் காட்சியை எந்த எழுத்தாளரால் எழுதிவிட முடியும்? பால்மரம் வெட்டியவர்களில் பெண்கள் பெருந்தொகையினர். நம் படங்களிலோ அவர்கள் அழும் அம்மாக்கள்.

தொழிற்சங்க வரலாறும் திரைக்கு வரவில்லை. போருக்குப் பின் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் தலையெடுத்த பி.பி. நாராயணன், 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்தி, சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்புக்கே தலைவரானார். அவரைப் போற்றியும் படம் எடுக்கலாம், விமர்சித்தும் எடுக்கலாம். சங்கம் வாங்கித் தந்ததும் விட்டுக்கொடுத்ததும் இன்றும் தோட்டங்களில் வாக்குவாதமாகக் கிளம்பும் விஷயங்கள்.

ரப்பரின் இடத்தைப் பிடித்த செம்பனையின் குலையை இப்போது அறுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். கடனும் முகவரும் கடல்கடத்தலும் அவர்களுக்கும் உண்டு. 'பரதேசி'யைப் பார்த்து அழுத நாம் அவர்களையும் அதே கண்ணால் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். அடுத்த தோட்டப் படத்தை எடுப்பவருக்கு என் யோசனை இதுதான்: திரைக்கதைக்கு முன், உளி பிடித்த கை இன்னும் மறக்காத ஒரு மூதாட்டியிடம் போய் மரம் வெட்டக் கற்றுக்கொள்ளட்டும். கேமராவை எங்கே வைப்பது என்பது அதற்குப் பிறகு தானாகத் தெரிந்துவிடும்.