வெள்ளை ஒயினின் போர்தோ மரபு: தெனி துபூர்தியு வழி

வெள்ளி விழா மலருக்கு வெள்ளை ஒயின் மரபுகளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைவர் ஐயா பணித்தபோது மறுக்கத் தோன்றவில்லை. நம் சங்கத்தில் சிவப்புக்காகப் பேச ஆள் நிறைய உண்டு. மெதோக்கா, போமரோலா என்று விடிய விடிய வாதாடுவார்கள். வெள்ளைக்காகப் பரிந்து நின்ற மூத்தவர்களில் முதல்வர், காலஞ்சென்ற எங்கள் காரைக்கால் பெரியவர். போர்தோ நகரத்து உணவகம் ஒன்றில் ஒயின் பரிமாறியே வாழ்நாளைக் கழித்தவர். என் மூக்கைப் பழக்கியவரும் அவர்தான். ஆகவே இந்தக் கட்டுரை அவர் கட்சியைச் சார்ந்தே நிற்கும். மற்றக் கட்சிக்காரர்கள் பொறுத்தருள வேண்டும்.

பிற மரபுகளை உறுப்பினர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. பூர்கோஞ்காரர்கள் ஷார்தொனேயைச் சிறு ஓக் பீப்பாயில் நொதிக்க வைத்து, மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும்வரை காத்திருந்து, மெர்சோவுக்கு அந்த வெண்ணெய்த் திரட்சியைக் கொடுக்கிறார்கள். மோசெல்காரர்கள் ரீஸ்லிங்கை ஆயிரம் லிட்டர் பழைய பீப்பாய்களில் வைத்து, எட்டு ஒன்பது சதவீத ஆல்கஹாலிலேயே நிறுத்தி, இனிப்பையும் புளிப்பையும் சரிக்குச் சரி நிறுத்துகிறார்கள். லுவாரில் திதியே தகெனோ 2008இல் விமான விபத்தில் மறையும்வரை, விளைச்சலைக் குறையுங்கள் என்று அக்கம்பக்கத்தாரோடு மல்லுக்கு நின்றார். ஃப்ரியூலியின் கிராவ்னர் ஜார்ஜியாவிலிருந்து தாழிகளை வரவழைத்து மண்ணில் புதைத்து, சாற்றைத் தோலோடு மாதக்கணக்கில் ஊறவிடுகிறார். இவர்கள் எல்லாரும் வணக்கத்துக்குரியவர்கள்தாம். ஆனால் ஒரு வெள்ளை ஒயின் ஏன் மணக்கிறது, எதனால் மணம் இழக்கிறது என்று காரணம் காட்டிச் சொன்னது போர்தோ பள்ளி.

அந்தப் பரம்பரை நமக்கு மனப்பாடம். லூயி பாஸ்டரின் மாணவர் உலிஸ் கயோன்; கயோனின் பேரன் ழான் ரிபெரோ-கயோன்; ழானின் தோழர் எமில் பெய்னோ; ழானின் மகன் பஸ்கால். இவர்களுக்குப் பின் அந்த இடத்தை நிறைத்தவர் தெனி துபூர்தியு. பெய்னோவின் பெயரைச் சொன்னால் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், நிற்க வேண்டியதுதான். ஆனால் போர்தோ வெள்ளை என்றால் கந்தகம் நெடியடிக்கும் அரை இனிப்புச் சரக்கு என்றிருந்த நிலையை மாற்றியவர்களில் துபூர்தியுவை முதலில் வைத்துப் பேச வேண்டும் என்பது பெரியவரின் தீர்ப்பு. என் தீர்ப்பும் அதுவே.

துபூர்தியு 1949இல் பிறந்தவர். பர்சாக் அவருடைய மண். பாட்டனார் ழோர்ழ் 1924இல் வாங்கிய துவாசி-தாயென் தோட்டத்தில், புதுமைகளுக்கு அஞ்சாத தந்தை பியேரின் நிழலில் வளர்ந்தார். முதல் ஆராய்ச்சியே வீட்டுப் பிரச்சினையிலிருந்து கிளம்பியது எனலாம்: சோதெர்ன், பர்சாக் திராட்சையில் படரும் பொத்ரிதிஸ் பூஞ்சை சுரக்கும் குளுக்கான், ஒயினைத் தெளியவிடாமல் வடிதட்டை அடைத்துக்கொள்ளும். அதை ஆராய்ந்தவர் பின்பு போர்தோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2009 முதல் வில்னாவ்-தொர்னோனில் உள்ள திராட்சை, ஒயின் அறிவியல் நிலையத்தை இயக்கினார். மாமனார் வழி வந்த ரெய்னோன், 1982இல் மனைவி ஃப்ளோரென்ஸுடன் தொடங்கி இருவர் பெயரையும் இணைத்துச் சூட்டிய க்ளோ ஃப்ளோரிதென், பூர்விகமான துவாசி-தாயென் என்று சொந்தத் தோட்டங்களிலும் உழைத்தார். திக்கெமும் ஷவல் பிளாங்கும் அவரிடம் ஆலோசனை கேட்டன. ஜப்பானின் கோஷு திராட்சைக்கும் போய் வழிகாட்டினார். 2016இல் டிகான்டர் இதழ் ஆண்டின் சிறந்த மனிதர் என்று அவரைச் சிறப்பித்தது. அதே ஆண்டு ஜூலையில் மறைந்தார்.

அவருடைய ஆய்வுக்கூடத்துப் பணிகளில் நான் தலையில் வைத்துக் கொண்டாடுவது சோவின்யோன் பிளானின் மணத்தைப் பற்றியது. பிலிப் தரியேயும் ஜப்பானிலிருந்து வந்து அங்கேயே ஆய்ந்த தகதோஷி தொமினாகாவும் அங்கே ஒன்றன்பின் ஒன்றாகத் தையால் என்னும் மணப்பொருள்களை இனங்கண்டார்கள். புய் (பாக்ஸ்வுட்) செடி இலையின் வாசனைக்கு ஒன்று, கிரேப்ஃப்ரூட் தோலுக்கு ஒன்று, பேஷன் பழத்துக்கு ஒன்று. புய் இலை மணத்தைத் தரும் தையால் லிட்டருக்கு 0.8 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு! திராட்சையில் இவை சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தோடு பிணைந்து மணமின்றிக் கிடக்கின்றன. ஈஸ்ட் அந்தக் கட்டை அறுத்த பிறகுதான் வாசனை வெளிப்படுகிறது. சோவின்யோன் பழத்தை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மணம் எழுவது ஏன் என்பது அப்போது விளங்கிற்று.

இதிலிருந்தே செய்முறையெல்லாம் கிளைத்தது. கட்டுண்ட மணத்தில் ஒரு பங்கு தோலில் இருப்பதால், பிழிவதற்கு முன் சாற்றைச் சில மணி நேரம் குளிரில் தோலோடு வைத்தார். அழுத்திப் பிழிந்தால் தோலின் ஃபீனால்கள் இறங்கி மணத்தைக் கெடுக்கும். ஆகவே மென்மையாகப் பிழிந்தார். கொடிக்குத் தண்ணீரும் தழைச்சத்தும் வறண்டுபோனால் குளூட்டாதியோன் குறைந்து, ஒயின் காற்றைத் தாங்காது என்பதால் தோட்டத்தையே முதலில் பார்க்கச் சொன்னார்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைப் பாக்குத் தோட்டத்திலும் காப்பித் தோட்டத்திலும் தெளிக்காத விவசாயி நம்மிடம் இல்லை. 1880களில் மில்லார்தே அதை உருவாக்கியபோது வேதியியல் துணை நின்றவர், மேலே சொன்ன உலிஸ் கயோனேதான். நூறாண்டு கழித்து அதே பள்ளியின் வாரிசுகள், செம்பு தையால்களைப் பிடித்து முடக்கிவிடும், காலம் தாழ்த்திச் செம்பு தெளித்த சோவின்யோன் மணக்காது என்று கண்டறிந்தார்கள். முன்னோர் கொடுத்த மருந்தின் தீங்கையும் ஒளிக்காமல் சொன்ன பள்ளி அது.

பீப்பாய் விஷயத்திலும் பலருக்கு இன்றுவரை தெளிவில்லை. தொட்டியில் நொதித்து முடித்த ஒயினைப் புதுப் பீப்பாயில் ஊற்றினால் மரம்தான் நாக்கில் நிற்கும். சாற்றைப் பீப்பாயிலேயே நொதிக்கவிட்டு, ஈஸ்ட் வண்டலோடு வைத்து, அவ்வப்போது கோலால் கிளறிவிட்டால், வண்டல் மரத்தின் முரட்டுத்தனத்தையும் காற்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். பூர்கோஞ்காரர்கள் கைப்பழக்கமாகச் செய்துவந்ததற்கு இந்தப் பள்ளி காரணம் தந்தது. பூர்கோஞ் வெள்ளைகளில் 1990களின் நடுவிலிருந்து பல, இளமையிலேயே மங்கி மூப்படைந்தபோது, அந்த நோயையும் துபூர்தியுவின் கூட்டாளி வலேரி லவீஞ் உள்ளிட்டோர் ஆராய்ந்தார்கள். அந்த வாடையில் சோட்டலோன் என்னும் பொருள் இருக்கிறது. நம் வெந்தயத்தின் வாசனையும் அதே பொருள்தான். மூடியைத் திறந்ததும் வெந்தய டப்பாவைத் திறந்தாற்போல் இருந்தால் அந்த ஒயின் காலம் கடந்தது என்று பெரியவர் ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார்.

அவர் எங்களுக்குச் சுவைக்கக் கற்றுக்கொடுத்தது க்ளோ ஃப்ளோரிதெனில். செமியோனும் சோவின்யோனும் கலந்த கிராவ் வெள்ளை. பர்சாக்கின் சுண்ணாம்புப் பாறைத் தொடர்ச்சியில் விளைந்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் ஊற்றி, கிளாஸைத் தொடாதே என்பார். முகர்ந்தால் ஈரக் கண்ணாடி வாசனைதான் இருக்கும். கால் மணி நேரம் கழித்து எலுமிச்சைத் தோல். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் கிரேப்ஃப்ரூட், அதன் பின்னால் மெல்லிய புகை, கடைசியில் செமியோனின் மெழுகும் தேனும். வெப்பமானியை விட்டுப் பார்த்தால் பதினொரு டிகிரி காட்டும்.

இங்கேதான் நான் மனம் நொந்து ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. யாரையும் குறிப்பிடவில்லை, இளைஞர்களில் நல்ல மூக்குள்ளவர்கள் உண்டு, நம் சங்கத்திலேயே உண்டு. ஆனாலும் இன்று வெள்ளை ஒயின் என்றால் பனிக்கட்டி வாளி என்றாகிவிட்டது. பெரிய ஓட்டல் ஒன்றில் அருமையான கிராவ் புட்டியைக் கழுத்துவரை பனிக்கட்டியில் அமுக்கி வைத்திருந்தார்கள். வெளியே எடுத்து வையுங்கள் என்று கேட்டதற்கு, வாடிக்கையாளர் கோபிப்பார்கள் என்று பதில் வந்தது. மல்லிகைச் சரத்தைக் குளிர்பெட்டியில் பூட்டிவைத்து மணக்கவில்லை என்று சொல்வதுபோலல்லவா இருக்கிறது!

இது பரிமாறும் முறையோடு முடிந்துபோகிற குறையா? இரண்டு டிகிரியில் நல்ல ஒயினும் வாய் திறக்காது, கெட்ட ஒயினும் வாய் திறக்காது. வெந்தய வாடை அடங்கிவிடும். அப்புறம் தயாரிப்பவர் எதற்காகப் பழத்தைப் பொறுக்க வேண்டும்? எதற்காக வண்டலைக் கிளற வேண்டும்? எதற்காகத் தழைச்சத்தை அளக்க வேண்டும்? வாளி எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறதே! அந்த வாளியில் பழகியவர்கள் நடுவர்களாகிறார்கள்; அவர்கள் போட்ட மதிப்பெண்ணை நம்பி வியாபாரி சரக்கு வாங்குகிறார்; அதையே பயிற்சிப் பள்ளியில் பாடமாக வைக்கிறார்கள். ஃபிலாக்சீரா பூச்சி கொடியின் வேரைத்தான் தின்றது, ஒட்டுக்கட்டி மீண்டுவிட்டோம். இந்த வாளி தின்பது ஒரு தலைமுறையின் மூக்கை. கயோன் முதல் துபூர்தியு வரை நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு இன்று ஒரு வாளித் தண்ணீரில் கரைகிறது என்றே சொல்வேன்; மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் எந்தத் திருமண விருந்துக்காவது போய்ப் பார்க்கட்டும்.

துவாசி-தாயெனையும் ஃப்ளோரிதெனையும் துபூர்தியுவின் மகன்கள் ஃபப்ரீசும் ழான்-ழாக்கும் தொடர்ந்து நடத்தும் பொறுப்பை ஏற்றார்கள். பள்ளி அங்கே நிற்கிறது. இங்கே நம் பங்குக்கு, வரும் ஆண்டு விழாவின் சுவைப்பு மேசைகளில் பனிக்கட்டி வாளிகளை அறவே நீக்கி, மேசைக்கு ஒரு வெப்பமானி வைக்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். உலர்ந்த வெள்ளைகள் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் ஊற்றப்படட்டும். வெப்பமானிகளுக்கான செலவைப் பெரியவர் பெயரில் நான் ஏற்றுக்கொள்கிறேன்.