விருந்தாளியின் கண்ணும் வீட்டாரின் கையும்

இங்கிலாந்தின் மலைப்புறத்தில் கொட்டேஜ் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு வாரம் தங்கிவந்து அதைப் பற்றி எழுதுவது ஆங்கிலத்தில் ஓர் இலக்கிய வகையாகவே ஆகிவிட்டது. பயணக்கட்டுரையிலும் நாவலிலும், அந்த வீட்டு மேசையில் கிடக்கும் விருந்தினர் குறிப்பேட்டிலும்கூட அதே பொருட்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: கற்சுவர், கணப்படுப்பு, மழை, ஜன்னலுக்கு அப்பால் செம்மறிகள், கடைசியில் அமைதி. இவற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். கணப்புக்கு விறகு அடுக்கிவைத்தது யார்? இந்தக் கேள்விக்கு ஒரு பிரதி என்ன பதில் வைத்திருக்கிறது என்பதைக் கொண்டே அதன் தரத்தை அளக்கலாம் என்பது என் கருத்து.

இந்த வகை எழுத்தின் பெரிய ஊற்று வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டம். அங்கே கிறாஸ்மியர் கிராமத்தில் இருக்கும் டவ் கொட்டேஜ் ஒரு காலத்தில் வழிப்போக்கர் தங்கும் விடுதியாக இருந்தது. 1799 டிசம்பரில் வில்லியம் வேர்ட்ஸ்வேர்த் தன் தங்கை டொரத்தியுடன் அதில் குடியேறினார். 1808 வரை அங்கே வாழ்ந்தார். 1891 முதல் அது பார்வையாளருக்குத் திறந்த நினைவில்லம். மலைநாட்டுச் சிறுவீட்டை ஆங்கில மனதில் ஒரு புனித உருவமாக்கியதில் இந்த வீட்டுக்குப் பெரிய பங்குண்டு.

வேர்ட்ஸ்வேர்த் தன் பிரதேசத்துக்கு ஒரு வழிகாட்டி நூலும் எழுதினார். 1810இல் இன்னொருவரின் ஓவியத் தொகுப்புக்குப் பெயரில்லா முன்னுரையாக வெளிவந்து, 1835இல் ஐந்தாம் பதிப்பு வரை வளர்ந்த நூல் அது. மலைவீடுகள் கட்டப்பட்டவை போலன்றி மண்ணிலிருந்து முளைத்தவை போல் தோன்றுவதாக அதில் வியக்கிறார். காணக் கண்ணும் மகிழ நெஞ்சும் உள்ள எவருக்கும் இந்தப் பிரதேசத்தில் உரிமை உண்டு என்றும் வாதிடுகிறார். பெருந்தன்மையான பேச்சுத்தான். ஆனால் 1844இல் வின்டர்மியருக்குப் புகையிரதப் பாதை போடும் திட்டம் வந்தபோது அவர் அதைக் கடுமையாக எதிர்த்தார். இத்தகைய காட்சிகளைச் சுவைப்பது பழகிப் பெறவேண்டிய ரசனை. ஆலைத் தொழிலாளரைக் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்குவதால் அவர்களுக்கு அது வந்துவிடாது என்பது அவரது வாதம். உரிமைக்கு அடையாளமாக அவர் வைத்த ‘கண்’, ஓய்வும் கல்வியும் உள்ளவரின் கண் என்பது இங்கே வெளிப்பட்டுவிடுகிறது. 1847இல் புகையிரதம் வந்தது, கூட்டமும் வந்தது. அந்த ஆசையை வளர்த்ததில் அவருடைய எழுத்துக்கும் பங்கிருந்தது.

இதை வைத்து அவரைத் தள்ளிவிட முடியாது. 1800இல் எழுதிய ‘மைக்கேல்’ கவிதையில், கடனுக்காக மகனை நகரத்துக்கு அனுப்பி அவனை இழந்துவிடும் கிழட்டு இடையனைக் காட்டுகிறார். முதியவர்கள் இறந்தபின் நிலம் அந்நியர் கைக்குப் போகிறது. வீடு இருந்த இடமே உழப்பட்டுவிடுகிறது. வீட்டாரை இழந்த நிலம் எப்படியிருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த அறிவு வழிகாட்டி நூலை விடக் கவிதையில்தான் ஆழமாக இருக்கிறது.

அண்ணனின் கவிதைக்குப் பக்கத்தில் தங்கையின் நாட்குறிப்பை வைத்து வாசிக்கவேண்டும். 1800 மே தொடங்கி 1803 ஜனவரி வரை டொரத்தி எழுதியவற்றில் பாண் சுடுகிறார்கள், உடுப்புத் துவைக்கிறார்கள், அவரைக்கொடி நடுகிறார்கள். பக்கத்து வீட்டு மொலி ஃபிஷர் வந்து வேலைக்கு உதவுகிறார். வாசலுக்குப் பிச்சைக்காரர் வருகின்றனர். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்பதும் பதிவாகிறது. 1800இல் அண்ணனும் தங்கையும் அட்டை பிடிக்கும் முதியவர் ஒருவரைச் சந்திக்கின்றனர். முன்பு நூறு அட்டை இரண்டரை ஷிலிங்குக்குக் கிடைத்தது, இப்போது 30 ஷிலிங் என்று டொரத்தி குறித்துவைக்கிறார். 1802இல் வில்லியம் இதைக் கவிதையாக்கியபோது தங்கை மறைந்துபோகிறாள், விலையும் மறைந்துபோகிறது. முதியவர் மனவுறுதியின் படிமமாக உயர்கிறார். கவிதை மகத்தானதுதான். எனினும், அந்த மனிதரின் வயிற்றுப்பாடு எங்கே என்று கேட்பவர் நாட்குறிப்புக்குத்தான் போகவேண்டும்.

டஃபோடில் மலர்க் கவிதையின் கதையும் இதேதான். ஆசிரியர் கலாசாலையில் நாம் அதைத் தனிமையின் கவிதையாகப் படித்தோம். உண்மையில் 1802 ஏப்ரல் 15இல் அல்ஸ்வோட்டர் ஏரிக்கரையில் அந்த மலர்களைக் கண்டவர்கள் இருவர். டொரத்தி அதை விரிவாக எழுதிவைத்தார். கவிதை பிறந்தது 1804இல். அதன் இரண்டு வரிகள் மனைவி மேரியுடையவை என்று கவிஞரே சொல்லியிருக்கிறார். ஆக, ஒருவனின் தனிமைக்குப் பின்னால் மூவரின் உழைப்பு இருக்கிறது.

1897இல் டொரத்தியின் நாட்குறிப்புகளைப் பதிப்பித்த வில்லியம் நைட், அண்ணனின் சட்டை தைத்தது, முட்டை தேடிப்போனது போன்ற குறிப்புகளை அற்பம் என்று விட்டுவிட்டார். எனக்கு இது வெறும் பதிப்புப் பிழையாகத் தோன்றவில்லை. கொட்டேஜ் இலக்கியம் முழுவதற்கும் உரிய பார்வைக் கோளாறு அது. காட்சி இலக்கியமாகும், சட்டை தைப்பது ஆகாது என்ற தீர்ப்பு அதற்குள் இருக்கிறது.

விருந்தாளியாக வருவது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. பியற்றிக்ஸ் பொட்டர் 1882 கோடையில் லண்டனிலிருந்து பெற்றோருடன் விடுமுறைக்கு வந்தவர்தான். 1905இல் ஹில் டொப் பண்ணையை வாங்கியபோது, அங்கிருந்த குத்தகைக் குடும்பத்தை வெளியேற்றாமல் வீட்டைப் பெருப்பித்தார். பிறகு ஹெர்ட்விக் செம்மறி வளர்ப்பைக் கற்று அதில் மதிப்பும் பெற்றார். 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நேஷனல் ட்ரஸ்டுக்கு விட்டுச்சென்றார். வேலையைக் கற்றதால் விருந்தாளி வீட்டாராக மாறிய அபூர்வம் இது.

வீட்டாரின் பக்கத்திலிருந்து உரத்த பதில் வர 2015 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஜேம்ஸ் ரீபாங்க்ஸின் ‘த ஷெப்பர்ட்ஸ் லைஃப்’ 1987இல் ஒரு பாடசாலை மண்டபத்தில் தொடங்குகிறது. ஆசிரியர் ஒருவர் ஏரி மாவட்டத்தைப் பற்றி உருகிப் பேசுகிறார். கவிஞர்களும் மலையேறிகளும் அந்தப் பேச்சில் இருக்கிறார்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் இடையர் வீட்டுப் பிள்ளைகளின் தகப்பன்மாரும் பாட்டன்மாரும் இல்லை. கிராமத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்தப் பக்கங்கள் இலேசானவை அல்ல. அந்த ஆசிரியரிடம் தீய எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் அந்த ஊரை நேசித்தார். ஊரை நேசித்துக்கொண்டே ஊராரைக் காணாமல் இருக்கமுடியும் என்பதுதான் அச்சம் தருகிறது.

ரீபாங்க்ஸின் நூலுக்கும் ஒரு குறை உண்டு. மந்தையும் பாட்டனும் தகப்பனும் அதில் பெரிதாக நிற்க, சமையலறை பின்னுக்குப் போகிறது. 2023இல் அவரது மனைவி ஹெலன் ரீபாங்க்ஸ் எழுதிய ‘த ஃபார்மர்ஸ் வைஃப்’ அந்த இடத்தை நிரப்புகிறது. சாப்பாடு, பிள்ளைகள், ஓயாத வீட்டுவேலை ஆகியவையே அதன் பொருள். நைட் வெட்டியெறிந்தது 126 வருடங்களுக்குப் பிறகு ஒரு முழு நூலாகத் திரும்பியிருக்கிறது என்று நான் வாசிக்கிறேன்.

இது வெறும் இலக்கிய வழக்கு அல்ல. விருந்தாளிகள் விரும்பும் ஊர்களில் வீட்டு விலை ஏறி, அங்கே பிறந்த இளம் குடும்பங்கள் வெளியேற நேர்கிறது. 2023இல் நிறைவேறிய சட்டத்தின்படி 2025 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு இரு மடங்கு வரை வரி அறவிட இங்கிலாந்தின் உள்ளூராட்சி சபைகளுக்கு அதிகாரம் கிடைத்தது. 2017இல் யுனெஸ்கோ ஏரி மாவட்டத்தை உலக மரபுரிமையாக ஏற்றபோது இயற்கைப் பட்டியலில் சேர்க்கவில்லை; பண்பாட்டு நிலப்பரப்பு என்றே சேர்த்தது. அந்த அழகை ஆக்கியதில் இடையரின் கைக்கும் பங்குண்டு என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. அந்தக் கை வெளியேறிவிட்டால் கற்சுவரைச் செப்பமிட ஆளிருக்காது. விருந்தாளி காண வந்த காட்சியும் நிலைக்காது. எழுதுகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு முன் அடுப்படியைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.