கண் ஒப்பரேசனும் தணிப்பு மருந்தும்

வட்டுக்கோட்டையிலிருந்து கண்புரை ஒப்பரேசனுக்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் முதியவர்கள் பலரின் முதற் கேள்வி, "என்னை முழுசா மயக்குவினமோ?" என்பதுதான். பெரும்பாலும் மயக்குவதில்லை. சொட்டு மருந்தோ கண்ணைச் சுற்றிப் போடும் விறைப்பூசியோ போதும். 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கொக்கெயின் கரைசலைக் கொண்டு திறந்துவிட்ட வழி இது. ஆனால் விறைப்பூசி பயத்தைப் போக்காது. அதற்காகவே மிடசோலம் போன்ற தணிப்பு மருந்தை நாளத்தில் சிறிதளவு ஏற்றுகிறார்கள்.

சிலருக்கு அது கட்டாயம் வேண்டும். படபடப்பில் இரத்த அழுத்தம் ஏறும். நடுங்கும் தலையை வைத்துக்கொண்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வேலை செய்ய முடியாது. ஷெல்லடிக்குப் பங்கருக்குள் கிடந்து தப்பிய ஒருவரால் முகத்தை மூடும் துணியைத் தாங்க முடியாமற் போகலாம். அவருக்கு இம்மருந்தை மறுப்பது கொடுமை.

எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. முகம் துணிக்குக் கீழே இருப்பதால் மூச்சுக் குறைவது உடனே கண்ணிற் படாது. அளவு சற்றுக் கூடினால் நோயாளி நித்திரையாகிக் குறட்டை விடுவார். பிறகு திடுக்கிட்டு விழித்துத் தலையைத் திருப்புவார். கருவி அப்போது கண்ணுக்குள் நிற்கும். வில்லையின் பின்னுறையோ மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கு தடிப்பும் இல்லாதது. வயதானவர்கள் சிலர் தணிவதற்குப் பதில் மனம் குழம்பி எழும்பப் பார்ப்பார்கள். ஆகவே ஒட்சிசன் அளவையும் மூச்சையும் கவனிக்கவென்றே மயக்கமருந்து வைத்தியர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் பலர் வெளியேறிய நாட்டில் இது எளிதல்ல. விறைப்புச் சரியாகப் பிடிக்காத கண்ணைத் தணிப்பு மருந்தால் சமாளிப்பது இன்னும் மோசம். வலிக்கிற கண்ணை மறுபடி விறைக்கச் செய்வதே முறை.

பயத்தில் பெரும்பங்கு அறியாமையால் வருவது. கண்ணை வெளியே எடுத்து வைத்து வெட்டுவார்கள் என்று நம்புவோர் இன்றும் உண்டு. "அம்மா, இப்ப தண்ணி விடுறம், குளிராக் கிடக்கும், பயப்பிடாதேங்கோ" என்று நடப்பதை நடக்க நடக்கச் சொல்வதும், தாதி ஒருவர் கையைப் பிடித்திருப்பதும் பலருக்குப் போதும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, வட்டுக்கோட்டையில் தொடங்கி மானிப்பாயில் வேரூன்றிய வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரணவைத்தியம்' என்ற அறுவை நூலையும் தமிழில் தந்தார். அந்த மண்ணில் நோயாளிக்குப் பத்து நிமிடத் தமிழ் விளக்கம் கிடைக்காமற் போவது எனக்கு ஆறவில்லை.

ஒப்பரேசனுக்கு முன் கண்ணை அளக்க வரும் நாளிலேயே நோயாளியைப் படுக்க வைத்து, முகத்தில் அந்தத் துணியை ஒரு நிமிடம் போட்டுப் பார்க்கலாம். பொறுக்க முடியாதவர்கள் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அவர்களுக்கு மட்டும் மயக்கமருந்து வைத்தியர் இருக்கும் நாளாகப் பார்த்துத் திகதி குறிக்கலாம்.