நம்பகமான கார் பட்டியல்: கோளாறை எண்ணுவது யார்?

வருஷா வருஷம் கார் கம்பெனிகளை நம்பகத்தன்மை வாரியா வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வரும். வாட்ஸ்அப்பில் சுத்தும். பழைய வண்டி வாங்கப் போறவங்க அதைக் காட்டி பேரம் பேசுவாங்க. அந்தப் பட்டியல் எப்படித் தயாராகுதுன்னு பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு. என் வாதம் இவ்வளவுதான்: வண்டியின் தரத்தோடு, அதன் மேல ஓனர் வச்சிருக்கும் எதிர்பார்ப்பும் அந்த எண்ணுக்குள்ள கலந்திருக்கு. இரண்டையும் பிரிக்காமல் ஒரே ரேங்க்கா கொடுத்துடறாங்க.

முதலில் முறையைப் பார்ப்போம். ஜே.டி. பவர் ஓனர்களிடம் கேட்டு, நூறு வண்டிக்கு எத்தனை பிரச்சினைன்னு கணக்கிடுது. அமெரிக்காவில் முதல் 90 நாளுக்கு ஒரு ஆய்வு, மூணு வருஷம் ஓடின வண்டிக்கு இன்னொரு ஆய்வு. கன்சூமர் ரிப்போர்ட்ஸ் தன் உறுப்பினர்களிடம் கேட்குது: கடந்த 12 மாசத்தில் நீங்கள் ‘தீவிரமானது’ என்று கருதிய கோளாறு என்னென்ன? இந்தக் ‘கருதிய’ என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கு. கோளாறு வண்டியில் நடக்குது. அது தீவிரமா இல்லையான்னு முடிவு பண்றது ஓனர்.

2011இல் ஃபோர்டுக்கு நடந்ததைப் பாருங்கள். ஜே.டி. பவரின் முதல் 90 நாள் ஆய்வில் 2010இல் 5ஆம் இடத்தில் இருந்த கம்பெனி, ஒரே வருஷத்தில் 23ஆம் இடத்துக்குப் போச்சு. புது கியர்பாக்ஸ் பற்றிய புகார் ஒரு காரணம். மற்றொரு பெரிய காரணம் மைஃபோர்டு டச் என்ற தொடுதிரை. திரை குழப்பமா இருக்கு, சொன்னதைக் கேட்கலைன்னு ஓனர்கள் எழுதினாங்க. அந்த எரிச்சல் நியாயமானதுதான். ஆனா திரை புரியாததும் கியர் விழாததும் ஒரே கணக்கில் ஒவ்வொரு ‘பிரச்சினை’யா ஏறினா, பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?

எதிர்பார்ப்பைத் தனியாப் பிரிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு. ஒரே வண்டியை இரண்டு பெயரில் விற்கிற இடத்துக்குப் போகணும். கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் 1984 முதல் சேர்ந்து நடத்திய தொழிற்சாலையில் டொயோட்டா கொரோலாவும் ஜியோ ப்ரிஸமும் ஒரே கூரைக்கு அடியில் உருவாச்சு. அடிப்படையில் ஒரே கார். ஆனா பழைய வண்டிச் சந்தையில் ப்ரிஸம் மலிவாத்தான் போச்சு.

நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கே. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒரே ஆலையில் இருந்து 2012இல் ரெனோ டஸ்டர் வந்தது, அடுத்த வருஷம் நிசான் டெரானோ வந்தது. முகமும் உள்ளலங்காரமும் வேற, 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் அதே. 2019இல் மாருதி பலேனோவை டொயோட்டா கிளான்ஸா என்று பெயர் மாற்றி விற்றாங்க. குஜராத்தில் சுசூகி செய்த அதே வண்டி. ஆனா அப்போ பலேனோவுக்கு வாரண்டி 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர், கிளான்ஸாவுக்கு 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். 60,000 கிலோமீட்டரில் வாரண்டிக்கு உட்பட்ட ஒரு பாகம் போச்சுன்னு வைங்க. ஒருத்தர் காசு கொடுத்து மாத்துவார், இன்னொருத்தர் சும்மா மாத்திட்டு வருவார். பிறகு ஆய்வுக்காரர் வந்து ‘தீவிரமான கோளாறு ஏதாவது?’ன்னு கேட்டா இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்வாங்களா?

எதிர்பார்ப்பு ஒரே திசையில் இழுத்தா, கொஞ்சம் கழிச்சுட்டுப் படிக்கலாம். சிக்கல் என்னன்னா அது இரண்டு பக்கமும் இழுக்கும். 50 லட்சம் கொடுத்தவருக்குக் கதவில் சின்ன கிறீச் சத்தம் கேட்டாலும் புகார்தான். அதே நேரம், நல்ல பெயருள்ள கம்பெனி வண்டியில் கிளட்ச் சீக்கிரம் தேய்ஞ்சா ‘நம்ம ரோடு அப்படி, நம்ம ஓட்டினது அப்படி’ன்னு சமாதானம் சொல்லிக்கிறோம். கெட்ட பெயருள்ள வண்டியில் அதே கிளட்ச் தேய்ஞ்சா ‘அந்தக் கம்பெனியே அப்படித்தான்’னு முடிச்சுடறோம்.

பாப்பாரப்பட்டி மாதிரி ஊரில் இருந்து பார்த்தா இது இன்னும் தெளிவாத் தெரியும். இங்கே ‘தொல்லை இல்லாத வண்டி’ன்னா கெடாத வண்டின்னு அர்த்தம் இல்லை. கெட்டா பக்கத்து மெக்கானிக்கே பார்க்கணும், ஸ்பேர் தர்மபுரியில் கிடைக்கணும், சாயங்காலம் வண்டி ஓடணும். 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசிடருக்கு ஆயுசு முழுக்க நல்ல பெயர் இருந்தது இந்த அர்த்தத்தில்தான். பொலேரோ வச்சிருக்கிறவர் உள்ளே கடகடன்னு சத்தம் வந்தா அதைக் கோளாறாவே எண்ண மாட்டார். ‘என்னண்ணா, சத்தம் வருதே?’ன்னு கேட்டா ‘பொலேரோன்னா அப்படித்தான் இருக்கும்பா’ன்னு சொல்வார். நூறு வண்டிக்கு இத்தனைன்னு எண்ணுகிற கணக்கில் அந்தச் சத்தம் ஏறவே ஏறாது.

கிலோமீட்டர் இன்னொரு விஷயம். ஒகேனக்கல், பெங்களூருன்னு சவாரி அடிக்கிற மஞ்சள் போர்டு வண்டியும், ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும் போகிற சொந்த வண்டியும் ‘மூணு வருஷ வண்டி’ன்னு ஒரே தட்டில் நிக்குது.

அப்போ பட்டியல் எல்லாமே பொய்யா? இல்லை. இன்ஜின் சீஸ் ஆனா எந்த எதிர்பார்ப்பாலும் அதை மறைக்க முடியாது. பல வருஷம் தொடர்ந்து மேலேயே இருக்கிற பெயருக்கும் கீழேயே கிடக்கிற பெயருக்கும் இடையில் உண்மையான வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். நடுவில் இருக்கிற ஏழாம் இடத்துக்கும் பன்னிரண்டாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பி முடிவெடுப்பதுதான் தப்பு.

ஓனர் மனசைக் கேட்காத கணக்கும் உலகத்தில் உண்டு. ஜெர்மனியில் கட்டாயப் பரிசோதனையில் எந்த மாடலில் எவ்வளவு குறை கண்டாங்கன்னு டியூவ் அமைப்பு வெளியிடுது. நடுரோட்டில் நின்ற வண்டிகளை ஏடிஏசி எண்ணுது. அதிலும் குறை உண்டு. அதிகம் ஓடுகிற மாடல், ஒழுங்கா சர்வீஸ் பண்ணாத ஓனர்கள் வாங்கும் மாடல், எல்லாம் கீழே இறங்கும். ஆனா குறையைப் பார்ப்பவர் வேற ஆள். நம்ம நாட்டில் வாடகை வண்டிக்கு முதல் 8 வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், பிறகு வருஷா வருஷமும் எஃப்சி எடுக்கணும். அங்கே எந்த மாடல் எதனால் திரும்பி வந்ததுன்னு தொகுத்து வெளியிட்டா, எந்தக் கருத்துக் கணிப்பையும் விட அது உருப்படியா இருக்கும்.

இதில் நஷ்டப்படுவது யார்னு யோசிங்க. கம்பெனி விளம்பரத்தை மாத்திக்கும். கடன் வாங்கி டாக்சி போடுகிற பையன், பட்டியலில் மேலே இருக்குன்னு செகண்ட்ஹேண்டில் கூடுதல் விலை கொடுத்து வாங்குறான். அந்த விலையே பழைய எதிர்பார்ப்பின் விலைதான். மூணாவது வருஷம் ஒரு சென்சார் போய், ஸ்பேருக்கு பத்து நாள் காத்திருந்தா, இஎம்ஐ காத்திருக்குமா?

அதனால் அடுத்த பட்டியல் கைக்கு வந்ததும் நாலு கேள்வி கேளுங்க. யாரைக் கேட்டாங்க? எதைக் கோளாறுன்னு எண்ணினாங்க? வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது? முதல் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் எண்ணிக்கையில் எவ்வளவு வித்தியாசம்? பதில் இல்லைன்னா பட்டியலை ஓரமா வச்சுட்டு, அதே மாடலை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல ஓட்டின டிரைவர் ரெண்டு பேரிடம் பேசுங்க. அவங்களிடமும் ‘வண்டி எப்படி?’ன்னு கேட்காதீங்க. ‘எது மாத்தினீங்க, எத்தனையாவது கிலோமீட்டரில், எவ்வளவு ஆச்சு?’ன்னு கேளுங்க.