நூற்றுக்கு நூறு வாங்கும் விளம்பரக் கணக்கு

கூகுள் விளம்பரக் கணக்கைத் திறந்தால் கண்ணில் படுகிற மாதிரி ஒரு மதிப்பெண் இருக்கும். ஆப்டிமைசேஷன் ஸ்கோர் என்று பேர். சைபரிலிருந்து நூறு சதவீதம் வரை. நம்ம ஊரில் மார்க் என்றாலே ஒரு பயம் உண்டு இல்லையா? கணக்கைத் தணிக்கை செய்து தருகிறேன் என்று வருகிறவர்களில் பலரும் முதலில் அதைத்தான் காட்டுகிறார்கள். என் விமர்சனம் இதுதான்: அந்த மார்க் உங்கள் வியாபாரத்துக்குப் போட்டது இல்லை. கூகுளின் பரிந்துரைகளை நீங்கள் கவனித்தீர்களா என்பதற்குப் போட்டது.

ஒரு பரிந்துரையை ஏற்றாலும் மார்க் ஏறும். வேண்டாம் என்று தள்ளினாலும் ஏறும். அப்புறம் அது எதை அளக்கிறது? ஏலத்தில் விளம்பரம் எத்தனையாவது இடத்தில் வரும் என்பதற்கு இந்த மார்க் பயன்படுவதில்லை என்று கூகுளே சொல்கிறது. ஆனால் ஒரு ஏஜென்சி கூகுள் பார்ட்னர் முத்திரை வாங்க 70 சதவீதம் வேண்டும். அக்கறை யாருக்கு என்பது இப்போது புரிந்திருக்கும்.

கொல்லிமலையை வைத்துப் பார்ப்போம். செம்மேட்டில் நாலு அறை வாடகைக்கு விடும் ஒருவர், 'கொல்லிமலை' என்ற சொல்லைப் பிராட் மேட்சில் போட்டு விளம்பரம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவு 70-ஆ என்று பார்க்கும் பையன், ஆகாய கங்கையில் தண்ணீர் வருகிறதா என்று தேடுபவர், அறப்பளீஸ்வரர் கோயில் நடை திறக்கும் நேரம், பஸ் நேரம் தேடுபவர்கள் எல்லாருக்கும் விளம்பரம் போகலாம். ஒரு கிளிக் பத்து ரூபாய் என்றால், நூறு கிளிக்கில் நாற்பது இப்படிப் போனாலே 400 ரூபாய் காலி. ஸ்கோர் இதைச் சொல்லாது. தேடல் சொற்கள் அறிக்கைதான் சொல்லும். அதுவும் முழுசாக இல்லை. 2020 செப்டம்பரிலிருந்து, போதுமான பேர் தேடிய சொற்களை மட்டுமே கூகுள் அதில் காட்டுகிறது.

சரி, வேண்டாத சொற்களை நெகடிவ் பட்டியலில் போடலாம். தமிழுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். நெகடிவ் சொல் அதன் பன்மையையும் இணைச்சொல்லையும் தடுக்காது. 'பேருந்து' போட்டால் 'பேருந்துகள்', 'பஸ்' இரண்டும் தப்பித்துவிடும். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்கள் வேறு இருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் கையால்தான் சேர்க்க வேண்டும்.

ஸ்கோரை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. அதற்கு மாற்றாக இணையத்தில் சுற்றும் தணிக்கைப் பட்டியல்களும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றத் தக்கவை இல்லை. 'இடத்தில் ஆர்வம் உள்ளவர்களை விடு, அந்த இடத்தில் இருப்பவர்களை மட்டும் வை' என்பது அவற்றில் வழக்கமாக வரும் ஒரு வரி. மிளகை உள்ளூரில் மட்டும் விற்பவருக்கு அது சரி. நம்ம விடுதிக்காரர் இடமாக நாமக்கல்லைக் கொடுத்திருந்து, இந்த வரியைப் பின்பற்றினால், மலைக்குப் பக்கத்திலேயே வீடு உள்ளவர்களுக்குத்தான் அறை விளம்பரம் போகும்! அவர் முதலில் இடத்தையே மாற்ற வேண்டும். விருந்தாளி கிளம்பி வருகிற சென்னை, பெங்களூரு, திருச்சி என்று கொடுத்துவிட்டு, அதன்பிறகு 'இருப்பவர்கள் மட்டும்' என்று வைக்கலாம்.

2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, பொதுத் தேடலின் உரை விளம்பரச் சந்தையில் கூகுள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். போட்டிக்குப் பயமில்லாமல் விலையை ஏற்ற அதனால் முடிந்தது என்பதும் அதில் உண்டு. விற்பவரே மார்க் போடும் சந்தை இது. அதனால் வாங்குபவர் தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

அதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு போதும். போனில் அறை கேட்டவர் எத்தனை பேர், அதில் 'கூகுள்ல பாத்தேன்' என்றவர் எத்தனை பேர், வந்து தங்கியவர் எத்தனை பேர். மாதக் கடைசியில் விளம்பரச் செலவை அந்தக் கடைசி எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஒரு அறையில் நிற்கும் லாபத்தைவிட அது அதிகமா குறைவா? தணிக்கை அங்கேதான் தொடங்குகிறது.