பழைய ராணுவ வண்டிகளும் பெரம்பூர்ப் பட்டறை மரபும்

பழைய ராணுவ வண்டியைச் சீரமைப்பவர்கள் பல கட்சிகளாகப் பிரிந்து கிடந்தாலும் ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். வண்டி என்பது சேஸிஸ். பாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இன்ஜினை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றலாம், ஆர்.சி. புத்தகத்தில் அதற்கு வழி உண்டு. சேஸிஸ் மாறிவிட்டால் அது வேறு வண்டி. அந்தச் சேஸிஸை எப்படி அடையாளம் காண்பது, எந்த அளவோடு கையை நிறுத்திக்கொள்வது என்பதில்தான் கட்சிகள் தொடங்குகின்றன. அவற்றில் வடசென்னைப் பட்டறைகளுக்கென்று ஒரு வழி இருக்கிறது. அதற்குரிய மதிப்பை இன்னும் நாம் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

பெரம்பூரில் இந்தத் தொழில் வேர்விட்டதற்குக் காரணங்கள் உண்டு. ரயில்வே பட்டறை இங்கே 1856இல் வந்துவிட்டது. 1955இல் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். வந்தது. இரும்பைக் காய்ச்சவும் ரிவெட் அடிக்கவும் தெரிந்த கைகள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தெருக்களில் குடியிருந்தன. பக்கத்துச் செம்பியத்தில் சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களைச் செய்தது. அதே வளாகத்தில் இந்தியா பிஸ்டன்ஸ். வடகிழக்கே எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன ஆலை. மேற்கே ஆவடி, இரண்டாம் உலகப் போரில் பெரிய படைத்தளம். கழற்றிய பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை. பழைய லாரி ஒன்றுக்கு இதைவிட வசதியான ஊர் தென்னிந்தியாவில் கிடையாது.

நம் கைக்கு வந்த வண்டிகள் மூன்று வகை. முதலாவது ஜீப். அமெரிக்கப் படையின் ஏடுகளில் அதன் பெயரே 'கால் டன் டிரக்'தான். எனவே லாரிகளோடு அதைச் சேர்த்துப் பேசுவதில் தவறில்லை. வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. இரண்டும் சேர்ந்து போர்க்காலத்தில் 6 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. இரண்டாவது, கனடாவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஒரே முறையில் செய்த படை லாரிகள். 4 லட்சம் வண்டிகள் என்பது குறைந்த கணக்கு. அவற்றில் ஏராளமானவை பிரித்த நிலையில் பெட்டிகளில் கப்பலேறி வந்து இந்தியாவில் பூட்டப்பட்டவை. அந்தச் சேஸிஸின் மேல் டாடா ஆலையின் கவசத் தகட்டைப் பொருத்திச் செய்த இந்தியக் கவச வண்டிகளும் உண்டு. மூன்றாவது, நாமே செய்தவை: ஜெர்மனியின் எம்.ஏ.என். உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் உருவான சக்திமான், நிஸானின் வடிவத்தில் வந்த ஜோங்கா, ஒரு டன் வண்டி.

அடையாளம் காண்பதில் அளவு டேப்தான் முதல் கருவி. கனடா லாரிகளில் இரண்டு ஆக்ஸில்களுக்கு இடைப்பட்ட நீளம் ஏறக்குறைய 101, 134, 158 அங்குலம் என்று தனித்தனியாக இருக்கும். மாடல் எழுத்தும் எண்ணும் அதற்கு ஒத்துவர வேண்டும். சி என்றால் செவர்லே, எஃப் என்றால் ஃபோர்டு. 15 என்றால் 15 ஹண்ட்ரட்வெயிட் சுமை. 60 என்றால் 3 டன். கடைசியில் எல் என்று வந்தால் நீள சேஸிஸ். அளந்தது மாடலோடு சேரவில்லையென்றால் யாரோ சேஸிஸை வெட்டி நீட்டியிருக்கலாம். போருக்குப் பின் ஏலத்தில் போன லாரிகளைச் சரக்கு லாரியாகவும் பஸ்ஸாகவும் ஆக்கியவர்கள் அதைச் செய்யத் தயங்கவில்லை. ஒட்டிய இடம் சட்டத்தின் உள்பக்கத்தில் தெரியும்.

ஜீப்பில் நீளம் கைகொடுக்காது. படை ஜீப்புக்கும் 80 அங்குலம், பின்னாளில் மஹிந்திரா செய்ததற்கும் அதே 80 அங்குலம். அங்கே முன் கிராஸ் மெம்பரைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்குக் கீழே குறுக்கே ஓடுவது உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ். கவிழ்த்த சட்டம் என்றால் ஃபோர்டு. ஃபோர்டு ஆலை தன் பாகங்களிலும் போல்ட் தலைகளிலும்கூட எஃப் எழுத்தைப் பொறித்தது. சேஸிஸ் எண்ணை இடது சட்டத்தின் மேல்பரப்பிலேயே, முன்னும் பின்னும் நட்சத்திரக் குறியோடு, குத்திவிட்டது. வில்லிஸில் எண் ஒரு சிறு தகட்டில் இருக்கும். முன் பம்பருக்குப் பின்னால், இடது சட்டத்தின் உள்பக்கத்தில் ரிவெட் செய்திருப்பார்கள். தகடு கழன்று வரக்கூடியது. இன்னொரு சேஸிஸுக்குக் குடிபோகவும் கூடியது. ஆகவே தகட்டை மட்டும் காட்டி வில்லிஸ் என்று சொல்பவரிடம் கிராஸ் மெம்பரையும் காட்டச் சொல்ல வேண்டும்.

எண்ணைத் தேடும்போதுதான் பெரிய சேதம் நடக்கிறது. துரு மண்டிய சட்டத்தை அப்படியே மணல் வீச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அல்லது கிரைண்டர் போடுகிறார்கள். எண்பது ஆண்டாகத் துருவுக்கு அடியில் பத்திரமாக இருந்த எழுத்து அரை நிமிடத்தில் போய்விடும். நல்ல பட்டறையில் எண் இருக்கும் என்று தெரிந்த ஓரடி நீளத்தை முதலில் கையாலேயே சுத்தம் செய்வார்கள். பெயின்ட் ரிமூவர் தடவி ஊறவிட்டு, பித்தளை பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்ப்பார்கள். பிறகு விளக்கை நேரே பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழும். அதன் மேல் மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத 3, 8 எல்லாம் வெள்ளைக் கோடாக எழுந்து வரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எடுக்கும் அதே பென்சில் பிரின்ட்தான். கால்வாசி எண்தான் தெரிகிறதென்றால் அந்தக் கால்வாசியோடு நிறுத்திக்கொள்வதே முறை. மீதியை ஊகித்துப் புதிதாகப் பஞ்ச் செய்வதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்பமாட்டேன். அது சட்டப்படியும் குற்றம், தொழிலுக்கும் துரோகம்.

இனி கட்சிகள். ஆலையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே என்பது முதல் கட்சி. போல்ட்டின் தலையில் எஃப் இல்லையென்றால் மதிப்பெண் குறையும். வெளிநாட்டுக் கண்காட்சிகளில் இதற்குத்தான் செல்வாக்கு. இந்தக் கட்சியின் படிப்பறிவு நமக்கு அவசியம். மேலே சொன்ன அடையாளங்களையெல்லாம் தேடித் தொகுத்தவர்கள் இவர்களே. ஆனால் பெட்டியில் வந்து இந்தியாவில் பூட்டப்பட்டு, படையின் பட்டறைகளில் பலமுறை பிரித்துக் கட்டப்பட்ட வண்டிக்கு 'ஆலையிலிருந்து வந்த அன்று' என்பது எந்த அன்று?

படையில் இருந்த நாளின் தோற்றம் என்பது இரண்டாவது கட்சி. அடித்த பெயின்ட்டை உரித்தெறிய இவர்கள் மறுப்பார்கள். பம்பரின் ஓரத்தில் உள்ளங்கை அளவு இடத்தை வாட்டர் பேப்பரால் சாய்வாகத் தேய்த்தால் மரத்தின் வளையம் போல நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும். மேலே ஏலத்தில் எடுத்தவர் அடித்த நிறம், கீழே படையின் பச்சை, அதற்கும் கீழே போர்க்கால நிறம். இந்தியப் படையின் எண் அம்புக்குறியோடு தொடங்கும். அம்பை அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டைச் சொல்லும். அது எந்த அடுக்கில் கிடைக்கிறதோ அந்த அடுக்கின் நிறமே இவர்களுக்குப் பிரமாணம். அழகான ஒழுக்கம் இது.

மூன்றாவதுதான் நம் பட்டறைக் கட்சி. வண்டி ஓட வேண்டும், சுமை தாங்க வேண்டும் என்பது இதன் முதல் விதி. கடற்காற்றில் நின்ற சேஸிஸில், இரட்டைத் தகடு போட்ட இடங்களில், துரு உள்ளுக்குள் ஊதி ரிவெட்டையே பிடுங்கிவிடும். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் நின்ற வண்டிகளில் இது சர்வசாதாரணம். ரிவெட் தலையின் ஒரு பக்கம் விரலை வைத்து மறுபக்கம் சின்னச் சுத்தியால் தட்டினால், இறுகியது கல் போல நிற்கும், தளர்ந்தது விரலில் அதிரும். தளர்ந்ததை எடுத்துவிட்டுப் பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டை அடித்தால், ஆறும்போது அது சுருங்கித் தகடுகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ரயில் பெட்டி கட்டிய ஊருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ரிவெட் அடிக்க ஆளில்லாவிட்டால் ரீமர் போட்டு, துளையில் இறுக்கமாக நுழையும் போல்ட்; லொடலொடவென்று நுழையும் போல்ட்டுக்கு இடமில்லை. வெடித்த சட்டத்துக்கு ஒட்டுத் தகடு வைத்தால் அதன் முனைகளைச் சாய்வாக வெட்ட வேண்டும். வெல்டிங் கோடு சட்டத்துக்குக் குறுக்கே நேராக விழுந்தால் அடுத்த வெடிப்பு அதே கோட்டில் வரும்.

கோணலைப் பார்க்கும் முறையும் எளிமையானது. சேஸிஸை நாலு முட்டில் மட்டமாக ஏற்றி, ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடங்களிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைப்பார்கள். சேஸிஸைத் தள்ளிவிட்டுப் புள்ளிகளுக்கு நூல் பிடித்தால் இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எந்தப் பெயின்ட்டும் அந்த வண்டியை நேராக ஓடவைக்காது.

இந்தக் கட்சிமீது ஒரு குற்றச்சாட்டு உண்டு: அசலைக் காப்பதில்லை என்று. பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றியதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பெட்ரோல் லாரிகளுக்கு பெர்கின்ஸ் டீசல் ஏற்றியது நாடெங்கும் நடந்தது. ஒரு கனடா லாரியில் செம்பியத்தில் செய்த இன்ஜின் இருக்குமானால் அதுவும் அந்த வண்டியின் வரலாறுதான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு இறக்குமதி வி-8 தேடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். பெரம்பூர் லோகோ பட்டறை இதற்கு ஒரு முன்மாதிரி வைத்திருக்கிறது. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு, ஒரு நூற்றாண்டாகக் காட்சிப் பொருளாக நின்றுவிட்ட இ.ஐ.ஆர். 21 நீராவி இன்ஜினை, இல்லாத பாகங்களைப் புதிதாகச் செய்து, 2010இல் ஓடவிட்டார்கள். புதிதாகச் செய்ததை யாரும் மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னார்கள்.

மறைக்காமல் இருப்பதற்கு இப்போது சட்டக் காரணமும் சேர்ந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதற்பதிவு முடிந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று தனியே பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் வி.ஏ. எழுத்துகள் வரும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைக் கணிசமாக மாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. எது பழுதுபார்ப்பு, எது மாற்றம் என்ற கேள்வி வரும்போது பட்டறையில் எழுதிவைத்த குறிப்பும் எடுத்த படமும்தான் பேசும். அதனால் இந்த மலரைப் படிக்கும் மேஸ்திரிகளுக்கு என் வேண்டுகோள் இது. வேலை தொடங்குமுன் பென்சில் பிரின்ட் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். எடுத்த ரிவெட், அறுத்த தகடு எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். புதிதாகச் செய்த கிராஸ் மெம்பரில், பழைய எண்ணுக்கு எட்டாத தூரத்தில், நீங்கள் செய்த ஆண்டையும் உங்கள் பட்டறையின் முதலெழுத்தையும் பஞ்ச் செய்யுங்கள்.