உழைப்பின் கணக்கும் ராவியின் நினைவும்

ஒரு செய்தி நம்மை வந்தடைந்தால் அதனைச் சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், கேட்டதை எவ்வாறு காத்து வைத்தார் என்று வினவுவது மதரஸாவில் ஓதியவர்க்கு முதற்பாடம். ஹதீஸ் கலையில் ராவி எனப்படும் அறிவிப்பாளரிடம் நம் முன்னோர் இரண்டு தகுதிகளை எதிர்பார்த்தனர். ஒன்று அதாலத் என்னும் நேர்மை. மற்றது ளப்து என்னும் காப்புத்திறன். அஃதாவது கேட்டதைச் சிதையாமல் நெஞ்சிலோ ஏட்டிலோ வைத்திருக்கும் ஆற்றல். முன்னது நிறைந்து பின்னது குறைந்தவரின் அறிவிப்பை அவர்கள் தனித்து ஏற்கத் தயங்கினர். பொய்யர் அல்லாதவர் சொல்வதெல்லாம் மெய்யாகிவிடாது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

இவ்வளவுகோலை, நம் காலத்தில் மேடைதோறும் ஏடுதோறும் அடிபடும் ஒரு பேச்சின்மீது வைத்துப் பார்க்க விழைகிறோம். மனிதர் வாரத்திற்கு எத்தனை மணி நேரம் உழைக்கின்றனர் என்பதே அப்பேச்சு. 2023 ஆம் ஆண்டில் பெருந்தொழிலதிபர் ஒருவர், இந்நாட்டு இளைஞர்கள் வாரம் 70 மணி உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் மற்றொரு நிறுவனத் தலைவரின் பேச்சில் அது 90 மணியாக உயர்ந்தது. உடன்பட்டும் மறுத்தும் பலர் எழுதினர். உடன்பட்டவருள் சிலர், தாமும் இளமையில் அவ்வாறே உழைத்ததாகத் தம்மையே சான்று காட்டினர். எத்தனை மணி உழைப்பது நன்று என்று வாதிட்ட அவர்களிடம், இத்தனை மணி உழைத்தீர் என்பதை எவ்வாறு அறிந்தீர் என்று கேட்டவரை நாம் காணவில்லை.

வாரத்திற்கு இருப்பது 168 மணி. அதில் 90 மணி உழைப்பென்றால், ஞாயிறும் விடாமல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 மணி ஆகிறது. உறக்கத்திற்கு 7 மணி கழித்தால், குளிக்கவும் உண்ணவும் தொழவும் போகவும் வரவும் பிள்ளையின் முகம் பார்க்கவும் எஞ்சுவது 4 மணி. இவ்வாறு வாழ்வோர் இல்லை என்று சொல்ல மாட்டோம். உணவகச் சமையற்கட்டிலும் சரக்கு வண்டியின் ஓட்டுநர் இருக்கையிலும் அத்தகையோர் உளர். ஆனால் அவர்கள் மேடையேறி அதனைப் பெருமையாகச் சொல்வதில்லை.

உழைப்பு நேரத்தை அறிவதற்கு அறிஞர்கள் இருவழிகளைக் கையாள்கின்றனர். 'சென்ற வாரம் எத்தனை மணி வேலை செய்தீர்?' என்று ஒரே கேள்வியாகக் கேட்டுப் பதிலை எழுதிக்கொள்வது ஒருவழி. காலை எழுந்தது முதல் கண்ணயரும் வரை ஒவ்வொரு வேளையிலும் என்ன செய்தார் என்பதை நாட்குறிப்பாக வாங்கிக் கூட்டிப் பார்ப்பது மறுவழி. இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஜான் ராபின்சனும் ஆன் போஸ்ட்ரமும் 1994 இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வாயால் சொன்ன கணக்கு நாட்குறிப்பின் கணக்கை விஞ்சி நின்றது. அதிலும், 40 மணி என்றவரிடம் வேறுபாடு சிறிது. 60, 70 என்று ஏற ஏற வேறுபாடும் ஏறியது. மிகுதியாக உழைத்தேன் என்றவரே மிகுதியாகப் பிழைத்தவர் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதற்கு மறுப்பும் உண்டு. ஜெர்ரி ஜேக்கப்ஸ் என்பார் 1998 இல் எழுதுகையில், எந்த அளவையிலும் தற்செயலான பிழை கலந்திருப்பதால் உச்சியில் நிற்கும் எண்கள் மறு அளவையில் இறங்கித் தோன்றுவது இயல்பே என்றும், இதனைக் கொண்டு மக்களைப் பெருமை பேசுவோர் என்று பழித்தல் ஆகாது என்றும் காட்டினார். இம்மறுப்பு நியாயமானது. ஆயினும் உச்சியில் நிற்கும் எண்ணை அப்படியே நம்பலாகாது என்பதை அவர் வாதமும் வலியுறுத்துகிறதேயன்றி மறுக்கவில்லை.

ஹதீஸ் கலையினர்க்கு இது புதிய செய்தி அன்று. எகிப்தில் நீதிபதியாக இருந்து ஹிஜ்ரி 174 இல் மறைந்த அப்துல்லாஹ் இப்னு லஹீஆ அவர்களை எண்ணிப் பாருங்கள். அவருடைய ஏடுகள் தீக்கிரையாயின என்றும், பின்னர் நினைவிலிருந்தே அறிவித்தபோது தடுமாற்றம் நேர்ந்தது என்றும் அறிவிப்பாளர் வரலாறு எழுதியோர் பலர் குறிப்பர். எனவே அவரிடம் முற்காலத்தில் கேட்டோரின் அறிவிப்பையும் பிற்காலத்தில் கேட்டோரின் அறிவிப்பையும் அவர்கள் வேறு பிரித்தனர். ஏடு போன பின் நினைவு ஏட்டின் வேலையைச் செய்ய முற்பட்டால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. களைப்பை நினைவு வைத்திருக்கும் மனம் மணியை நினைவு வைப்பதில்லை.

நினைவின் குறை ஒருபுறம் இருக்க, எதனை உழைப்பென்று எண்ணுவது என்பதில் உள்ள குறை அதனினும் பெரிது. பொருளியல் அறிஞர் கெயின்ஸ் 1930 இல், நூறாண்டுக்குப்பின் பேரப்பிள்ளைகளின் வாழ்வு எவ்வாறிருக்கும் என்பது பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். செல்வம் நான்கு முதல் எட்டு மடங்கு பெருகும். வாரம் 15 மணி உழைத்தால் போதும் என்றார். அக்கட்டுரையின் நடையழகைப் பாராட்டாதார் இலர். மேலைநாடுகளைப் பொறுத்தவரை செல்வம் பற்றிய அவர் கூற்று பெரிதும் பலித்தது. மணி பற்றியது பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்று ஆராய்ந்தோர் பலர். நாம் அக்கட்டுரையில் வரும் இரு பெண்களைச் சுட்ட விரும்புகிறோம்.

ஒருத்தி, பிறர் வீட்டில் துப்புரவுப் பணி செய்து வாழ்நாளைக் கழித்த மூதாட்டி. இறந்தபின் என்றென்றும் ஒன்றும் செய்யாதிருப்பதையே பேரின்பமாக அவள் கருதியதாகக் கல்லறைப் பாடல் ஒன்றை அவர் எடுத்தாள்கிறார். மற்றவர், வேலைக்காரர்கள் நிறைந்த வீட்டில் செய்வதற்கு ஒன்றுமின்றி மனம் சோரும் செல்வர் மனைவியர். ஓய்வு வந்தால் மனிதர் என்ன ஆவர் என்னும் வினாவிற்கு இவர்களை உவமையாக்கினார் கெயின்ஸ். செல்வர் மனைவி சோர்ந்திருந்ததே அந்த மூதாட்டி அவள் வீட்டைத் துடைத்ததால் அன்றோ? அம்மூதாட்டி தன் வீட்டிற்குத் திரும்பியபின் அங்கும் துடைத்திருப்பாளே, அது எத்தனை மணி? அதனைக் கெயின்ஸ் கேட்கவில்லை. உழைப்பாளி தம் கட்டுரைக்குள் வந்து நின்றபோதும் அவளை எண்ணாமல் விட்டது அறிஞரின் குறையே.

நம் நாட்டில் இக்கேள்வி காலந்தாழ்ந்தேனும் கேட்கப்பட்டது. 1998, 1999 ஆம் ஆண்டுகளில் தமிழகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாகவும், 2019 இல் நாடு தழுவியும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடைபெற்றது. அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை, அரைமணிக்கு ஒரு கட்டமாகப் பதிவு செய்தனர். ஊதியமின்றிக் குடும்பத்திற்காகச் செய்யும் வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டனர்; ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அவ்வேலையில் ஈடுபட்டனர். ஆண்களில் நூற்றுக்கு 26 பேரே. 299 நிமிடம் என்பதை ஏழு நாளுக்குப் பெருக்கினால் வாரத்திற்கு ஏறத்தாழ 35 மணி. மேடையில் கூறப்படும் எந்த எண்ணிலும் இந்த 35 மணி இடம்பெறுவதில்லை.

பிறரை நோக்கி நீட்டிய இவ்வளவுகோலை நம் பக்கமும் திருப்ப வேண்டியதாயிற்று. நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவின் நிருவாகக் குழுவிற்கு, இன்னொரு உஸ்தாதை நியமிக்குமாறு வேண்டி மடல் ஒன்று எழுதியிருந்தோம். அதில் வாரம் 60 மணி உழைப்பதாகக் குறிப்பிட்டுக் கையொப்பமும் இட்டிருந்தோம். இக்கட்டுரைக்காக ஒரு வாரம் குறிப்பேடு வைத்து, ஸுப்ஹு முதல் இஷா வரை ஒவ்வொரு வக்தின் இடைவெளியிலும் செய்ததை எழுதினோம். கூட்டிய தொகை 46 மணி. நாம் பொய் சொல்ல எண்ணியதில்லை. லுஹருக்குப் பின் கண்ணயர்ந்ததையும், மாணவரின் தந்தையரோடு பேசியிருந்ததையும் நினைவு உழைப்பில் சேர்த்துவிட்டது.

அதே ஏட்டில் நம் வீட்டாரின் வேலையையும் எழுத முற்பட்டோம். அடுப்பில் உலை கொதிக்க, மடியில் பேரன் இருக்க, காய் அரிந்துகொண்டிருந்த வேளையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று விளங்கவில்லை. கேட்டபோது, "நான் என்ன வேலை பார்க்கிறேன்? வீட்டில்தானே இருக்கிறேன்" என்றார். நாம் இல்லாததைக் கூட்டிச் சொன்னோம். அவர் உள்ளதையும் கழித்துச் சொன்னார். இருவரும் நேர்மையாளரே. இருவர் அறிவிப்பும் ஏற்கத்தக்கதன்று.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. 1919 இல் வாஷிங்டனில் கூடிய தொழிலாளர் மாநாடு ஆலைகளுக்கு வாரம் 48 மணி என விதித்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவிற்கு 60 மணி என விலக்களித்தது. 1922 இன் சட்டம் அவ்வாறே அமைந்தது. ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் அது 54 மணியாகக் குறைந்தது 1934 இல். 48 ஆனது 1946 இல். மேலைத் தொழிலாளி 1919 இல் பெற்ற வரம்பை அடைய நம் ஆலைத் தொழிலாளிக்கு மேலும் 27 ஆண்டுகள் ஆயின. எண்ணாமலே உரைக்கப்படும் 70 உம் 90 உம் நாட்டின் பொதுவழக்கு என்று நம்பப்பட்டால், இந்த 48 சோம்பலின் அடையாளமாகத் தோன்றும். இழப்பு அவனுக்கே, எண்ணைச் சொன்னவர்க்கு இழப்பேதும் இல்லை.

நிருவாகக் குழுவிற்கு நாம் இரண்டாம் மடல் எழுதிவிட்டோம். முன்னர் எழுதிய 60 பிழை, எழுதி எண்ணியது 46 என்று தெரிவித்து, குறிப்பேட்டின் படியையும் இணைத்தோம். இன்னொரு உஸ்தாது வேண்டும் என்ற வேண்டுகோளை மட்டும் மாற்றவில்லை. 46 மணியே அதற்குப் போதிய காரணம் என நம்புகிறோம். வீட்டாரின் கணக்கை எழுதும் ஏடு இன்னும் முடியவில்லை. காய் அரியும் வேலையை இப்பொழுது நாம் ஏற்றிருப்பதால், அவருடைய கட்டங்களுள் ஒன்று நம் பக்கத்திற்கு மாறியிருக்கிறது.